தொடங்காத மடிக்கணினி: பழுது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டறிந்து சரிசெய்யும் முறை

மடிக்கணினி ஆன் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால், பவர் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல பழுதுகளை நாம் அந்த ஒரே வாக்கியத்தால் குறிப்பிடுகிறோம். ஒரு விளக்குகூட எரியாத கணினி, விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடக்கும் கணினி, தயாரிப்பாளரின் சின்னத்தோடு நின்றுவிடும் கணினி, விண்டோஸ் பாதி வந்தபின் நீலத் திரையில் விழும் கணினி ஆகிய நான்கும் நான்கு வேறு இடங்களில் பழுதானவை. எங்கே நின்றது என்று அறியாமல் விண்டோஸை மறுபடி நிறுவத் தொடங்குவதும், கையில் கிடைத்த திருகுளியால் அடிமூடியைக் கழற்றுவதும் நேரத்தை வீணாக்கும்; மீட்டிருக்கக்கூடிய கோப்புகளையும் சில வேளைகளில் அழித்துவிடும்.

பொத்தானை அழுத்தியபின் நடப்பது இதுதான். மதர்போர்டில் உள்ள ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு, கணினி அணைந்திருக்கும்போதும் விழித்தே இருக்கும். அது பொத்தானின் அழுத்தத்தை உணர்ந்து, பேட்டரியிலோ சார்ஜரிலோ போதிய மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்து, போர்டின் பல பகுதிகளுக்கும் மின்சாரத்தை ஒழுங்கான வரிசையில் திறந்துவிடுகிறது. பின்னர் பிராசஸர் விழித்து, ஃபிளாஷ் சில்லு ஒன்றில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேரை, அதாவது வன்பொருளை எழுப்பும் அடிப்படை மென்பொருளைப் படிக்கிறது. இப்போதைய கணினிகளில் அதன் பெயர் யூஇஎஃப்ஐ என்றாலும் பயாஸ் என்ற பழைய பெயரே எல்லார் வாயிலும் வழங்குவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பயாஸ் முதலில் ரேமையும் திரையையும் விசைப்பலகையையும் சோதிக்கிறது; அதன்பின் டிஸ்க்கில் ஒரு சிறிய தனிப் பகுதியில் இருக்கும், விண்டோஸைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட் லோடரைத் தேடி எடுத்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பூட் லோடர் விண்டோஸின் மையப் பகுதியான கருவை ஏற்ற, கரு ஒவ்வொரு வன்பொருளையும் இயக்கும் டிரைவர்களை ஏற்ற, கடைசியில் உள்நுழையும் திரை வருகிறது. இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்று பார்ப்பதே நம் வேலை. அறுந்த இடத்துக்கு முன்னால் இருப்பவை நன்றாக இருக்கின்றன என்று கொள்ளலாம். பின்னால் இருப்பவற்றை அப்போதைக்குத் தொட வேண்டியதில்லை.

பொத்தானை மறுபடி அழுத்தக் கூடாத நிலைகள்

டச்பேட் மேலெழும்பியிருந்தாலும், அடிமூடி பிதுங்கிக் கணினி மேசைமேல் ஆடினாலும், உள்ளே லித்தியம் அயான் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். மூடியை அழுத்தி உட்காரவைக்கவோ, கூரான எதனாலும் நெம்பவோ முயலாதீர்கள். வீங்கிய பேட்டரி துளைபட்டால் தீப்பற்றும். பேட்டரியை அனுபவமுள்ளவரிடம் கொடுத்து அகற்றச் செய்வதே பாதுகாப்பு.

உள்ளே தண்ணீரோ தேநீரோ சிந்தியிருந்தால், காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக ஆன் செய்வதுதான் மிகப் பெரிய தவறு. ஈரம் மட்டும் பெரும்பாலும் போர்டைக் கொல்வதில்லை. ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் அரிப்பும் குறுக்குச்சுற்றும் நிகழ்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்து, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றி, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்குமாறு விரித்துக் கவிழ்த்து வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கத்தால் பயனில்லை. போர்டில் படிந்த சர்க்கரையையும் உப்பையும் அரிசி எடுக்காது. அவற்றை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவித்தான் நீக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்ற ஒலி கேட்பது. டிஸ்க்கின் தலைப்பகுதி இடம் தெரியாமல் தடுமாறும் ஒலி அது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சேதம் கூடும். உள்ளே இருப்பவை உங்களுக்கு அருமையானவை என்றால் அத்துடன் நிறுத்தி, தரவு மீட்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் கட்டம்: எந்த அசைவும் இல்லை

விளக்கு இல்லை, ஒலி இல்லை, விசிறி இல்லை என்றால் சந்தேகத்தை மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். சார்ஜரை நேரடியாகச் சுவரில் உள்ள சாக்கெட்டில், அதுவும் வேறொரு கருவி இயங்குவதை நீங்கள் கண்ணால் பார்த்த சாக்கெட்டில் செருகுங்கள். சுவர் சாக்கெட்டிலிருந்து சார்ஜரின் செங்கல் போன்ற பெட்டிக்கு வரும் கம்பி பல மாடல்களில் தனியாகக் கழன்று வரும். அது தளர்ந்திருப்பது மிகச் சாதாரணமான காரணம்.

உருளை முனையுள்ள சார்ஜர்கள் பெரும்பாலும் 19 முதல் 20 வோல்ட் வரை தருபவை. மாற்றுச் சார்ஜர் ஒன்றைச் செருகிப் பார்ப்பதாக இருந்தால், அதன் வோல்ட் உங்கள் கணினியின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. முனை உள்ளே நுழைகிறது என்பதற்காகப் பொருத்தமானது என்று எண்ண வேண்டாம். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் முனையை அளந்து பார்க்கலாம். ஆனால் சுமையில்லாதபோது சரியான வோல்ட்டைக் காட்டிவிட்டு, கணினி இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடும் சார்ஜர்களும் உண்டு. எனவே அளவு சரியாக இருப்பதை மட்டும் வைத்துச் சார்ஜர் நல்லது என்று முடிவுகட்ட முடியாது.

யூஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஆகும் கணினிகளில் கதை சற்றே வேறு. சார்ஜரும் கணினியும் முதலில் 5 வோல்ட்டில் தொடர்புகொண்டு, எத்தனை வோல்ட் வேண்டும் என்று பேசி முடித்தபின்னரே மின்சாரம் 20 வோல்ட்டுக்கு உயர்கிறது. இந்தப் பேச்சு முறிந்தால் கணினி உயிர்பெறாது. கைபேசியின் சிறிய சார்ஜர் போதாது, கேபிளும் முக்கியம். அடையாளச் சில்லு இல்லாத சாதாரண சி கேபிள் 3 ஆம்பியரையே தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டும் என்றால் 5 ஆம்பியருக்கான கேபிள் தேவை. கணினியில் இரண்டு சி துளைகள் இருந்தால் இரண்டிலும் செருகிப் பாருங்கள், ஏனெனில் எல்லாத் துளைகளும் சார்ஜை ஏற்பதில்லை. துளைக்குள் தூசும் நூலும் அடைத்திருந்தால், கணினியை மின்சாரத்திலிருந்து விலக்கியபின் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள்.

பல மாதங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்த கணினியாக இருந்தால், பேட்டரி அடியோடு வற்றியிருக்கும். சார்ஜரைச் செருகி அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு அதன்பின் பொத்தானை அழுத்துங்கள்.

இவற்றால் பயனில்லை என்றால், எஞ்சிய மின்சாரத்தை வடியச் செய்யும் முறையைச் செய்யுங்கள். இது எளிமையாக இருப்பதாலேயே பலர் இதை நம்புவதில்லை. ஆனால் உயிரற்றவை என்று என்னிடம் வந்த கணினிகளில் நான் முதலில் செய்வது இதைத்தான். சார்ஜரையும், யூஎஸ்பியில் செருகியவற்றையும், மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பேட்டரியைப் பொருத்தாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். நான் மேலே சொன்ன கட்டுப்பாட்டுச் சில்லு என்றும் அணையாமல் இருப்பதால், ஏதோ ஒரு தவறான நிலையில் சிக்கிக்கொண்டால் அதிலேயே கிடக்கும். மின்சாரம் முற்றாக வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும். உள்ளேயே பதிந்த பேட்டரி என்றாலும் சார்ஜரை எடுத்துவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் பிடிப்பது பல மாடல்களில் அதே பலனைத் தரும். லெனோவோவின் திங்க்பேட் மாடல்கள் பலவற்றின் அடியில் இதற்கென்றே ஊசித்துளை ஒன்று உண்டு.

இந்தச் சோதனை இன்னொன்றையும் சொல்லித்தரும். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் ஓடி, பேட்டரியைப் பொருத்தியதும் ஓட மறுத்தால் பேட்டரி கெட்டிருக்கிறது. பேட்டரியில் ஓடிச் சார்ஜ் மட்டும் ஏறவில்லை என்றால் சார்ஜரோ, கணினியில் அது செருகும் ஜாக்கோ பழுது. முனையை அசைக்கும்போது சார்ஜ் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஜாக்தான். பல மாடல்களில் உருளை ஜாக் தனிக் கம்பியாக வருவதால் மாற்றுவது எளிது. சி துளை பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

இவை அனைத்தும் முடிந்தும் அசைவில்லை என்றால் பழுது மதர்போர்டில் இருக்கலாம். அப்போது, போர்டையே மாற்றச் சொல்பவரிடம் போகுமுன், போர்டில் உள்ள சில்லுகளை அளந்து பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். ஒரே ஒரு சிறிய பாகம் குறுக்குச்சுற்றானதால் மொத்தப் போர்டும் செத்ததுபோல் தோன்றுவது உண்டு.

இரண்டாம் கட்டம்: உயிர் இருக்கிறது, படம் இல்லை

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கருப்பு. இங்கே முதல் கேள்வி, கணினி உண்மையிலேயே தொடங்கவில்லையா, அல்லது தொடங்கியும் நம் கண்ணுக்குத் தெரியவில்லையா என்பது. ஒரு நிமிடம் காத்திருந்து கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மாறி மாறி எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது, திரையில்தான் குறை. அதன்பின் அறையை இருட்டாக்கி, கைபேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக ஏதேனும் எழுத்தோ படமோ தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, பின்னொளி மட்டும் போய்விட்டது. வெளிச்சத்தைக் கூட்டும் விசையையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது அடிமட்டத்துக்கு இறங்கியிருப்பதும் நடக்கும்.

அடுத்து எச்டிஎம்ஐ கேபிளால் தொலைக்காட்சியையோ மானிட்டரையோ இணையுங்கள். அதில் படம் வந்தால் உங்கள் கோப்புகள் பத்திரம், பழுது திரையிலோ கீல் வழியாகச் செல்லும் கேபிளிலோ இருக்கிறது. மூடியைச் சற்று அசைக்கும்போது படம் தோன்றி மறைந்தால் அந்தக் கேபிள்தான். விண்டோஸ் ஓடுவது உறுதியாகத் தெரிந்தும் திரை கருப்பாக இருந்தால், விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும்.

எளிதில் மனத்தில் தோன்றாத காரணம் ஒன்று உண்டு. மூடி மூடியிருப்பதைக் கணினி ஒரு காந்தத்தாலும் அதை உணரும் சில்லாலும் அறிகிறது. இயங்கும் கணினியை இன்னொரு மடிக்கணினியின்மேல் வைத்தால், கீழே உள்ளதன் காந்தத்தால் மேலே உள்ளது தன் மூடி மூடிவிட்டதாக எண்ணித் திரையை அணைத்துவிடும். காந்தக் கொக்கியுள்ள உறையும் இதைச் செய்யும்.

கேப்ஸ் லாக் பதில் சொல்லவில்லை, வெளித்திரையிலும் படமில்லை என்றால் பயாஸ் தன் சோதனையையே முடிக்கவில்லை. அந்த நிலையில் பல கணினிகள் ஒலியாலோ விளக்கின் சிமிட்டலாலோ காரணத்தைச் சொல்கின்றன. டெல் கணினிகளில் பேட்டரி விளக்கு ஒரு நிறத்தில் சில முறை, வேறு நிறத்தில் சில முறை சிமிட்டும். ஹெச்பி கணினிகளில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டுவது உண்டு. சிமிட்டல்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, உங்கள் மாடலுக்கான கையேட்டில் பொருள் பாருங்கள். கைபேசியில் படம் பிடித்து வைத்தால் எண்ணிக்கையில் தவறு நேராது.

சிமிட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கட்டத்தில் ரேம்தான் முதன்மையான சந்தேகம். மின்சாரத்தைத் துண்டித்து, அடிமூடியைக் கழற்றியதும் பேட்டரியின் இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். இருபுறமும் உள்ள பிடிகளை விலக்கினால் ரேம் பலகை சாய்ந்தெழும். வெளியே எடுத்து, பொன்னிற முனைகளை விரலால் தொடாமல், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடைத்து, காய்ந்தபின் சாய்வாக நுழைத்து, இரு பிடிகளும் கிளிக் என்று பூட்டும்வரை கீழே அழுத்துங்கள். இரண்டு பலகைகள் இருந்தால் ஒன்றை மட்டும் ஒரு துளையில் வைத்துப் பார்த்து, அதையே மற்றத் துளையிலும் வைத்துப் பார்த்து, பின்பு அடுத்த பலகைக்கு வாருங்கள். அப்போதுதான் கெட்டது பலகையா துளையா என்று தெரியும். ஒரு எச்சரிக்கை: டிடிஆர் 5 ரேம் உள்ள கணினி, ரேம் மாறியபின் முதல்முறை தொடங்கும்போது நினைவகத்தோடு ஒத்திசைவதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து அணைத்துவிடாதீர்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பதிந்திருப்பதால் இந்தச் சோதனைக்கே இடமில்லை.

பயாஸ் புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் போனதால் இப்படி ஆகியிருந்தால், அதற்கும் வழி உண்டு. ஹெச்பியில் விண்டோஸ் விசையையும் பி (B) விசையையும் பிடித்துக்கொண்டு ஆன் செய்வதாலும், டெல்லில் கண்ட்ரோல், எஸ்கேப் விசைகளைப் பிடித்தபடி சார்ஜரைச் செருகுவதாலும் பல மாடல்களில் பயாஸ் மீட்பு தொடங்கும்.

ஆன் ஆகிச் சில விநாடிகளில் தானே அணைந்துவிடும் கணினியில் விசிறியைக் கவனியுங்கள். விசிறி சுழலாவிட்டால் சில கணினிகள் தொடங்கவே மறுக்கும். திங்க்பேட் ஃபேன் எரர் என்று எழுதிவிட்டு அணைந்துவிடும்.

மூன்றாம் கட்டம்: சின்னம் வருகிறது, அதற்குமேல் நகரவில்லை

சின்னம் தெரிகிறது என்றால் மின்சாரம், பிராசஸர், ரேம், திரை ஆகியவை பெருமளவு நலம். இப்போது செருகியிருக்கும் அனைத்தையும், மவுஸின் சிறு ரிசீவரையும்கூட, எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். கெட்டுப்போன ஒரு பென் டிரைவுக்காக பயாஸ் முடிவில்லாமல் காத்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதன்பின் பயாஸுக்குள் நுழைய வேண்டும். டெல், ஏசர், ஆசஸ் கணினிகளில் எஃப் 2, ஹெச்பியில் எஃப் 10, திங்க்பேடில் எஃப் 1 விசையை ஆன் செய்த கணத்திலிருந்து விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே பார்க்க வேண்டியவை இரண்டே. முதலாவது, உங்கள் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பது. இரண்டாவது, தேதி சரியாக இருக்கிறதா என்பது. தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், பயாஸின் அமைப்புகளைக் காக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சிஆர் 2032 வகை. அது தீர்ந்தால் தேதியோடு மற்ற அமைப்புகளும் மாறிவிடக்கூடும். குறிப்பாக டிஸ்க்கை அணுகும் முறை ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கோ மாறினால், டிஸ்க் நன்றாக இருந்தும் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற பிழையோடு விண்டோஸ் விழும். முன்பிருந்த முறைக்கே திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் எழும்.

பயாஸில் எதையும் மாற்றுமுன், திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் விண்டோஸின் வசதியான பிட்லாக்கரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழையும் கணினிகள் பலவற்றில், உரிமையாளர் அறியாமலேயே டிஸ்க் முழுவதும் மறையாக்கம் ஆகியிருக்கும். அதன் திறவுகோலை டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி வைத்திருக்கிறது. பயாஸில் முக்கியமான ஒன்று மாறினால் அது திறவுகோலைத் தர மறுத்து, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். வேறொரு கருவியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, திரையில் காட்டும் அடையாளக் குறியோடு ஒத்துப்போகும் எண்ணை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினி என்றால் அந்த எண் நிர்வாகியிடம் இருக்கும். டிபிஎம்மை அழிக்கும் கிளியர் என்ற வாய்ப்பை ஒருபோதும் அழுத்தாதீர்கள். எண் இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் உள்ளதை எவராலும் திறக்க முடியாது.

பட்டியலில் டிஸ்க்கே இல்லை என்றால், கழற்றி மறுபடி பொருத்திப் பாருங்கள். எம்.2 வகை எஸ்எஸ்டி ஒரே ஒரு திருகால் நிற்பது. அதைத் தளர்த்தினால் சாய்ந்தெழும். மறுபடி பொருத்தியும் தெரியவில்லை என்றால் எஸ்எஸ்டி இறந்திருக்க வாய்ப்பு மிகுதி. சுழலும் டிஸ்க்போல எஸ்எஸ்டி முன்னறிவிப்புத் தருவது அரிது. நேற்றுவரை ஓடியது இன்று பட்டியலிலேயே இல்லாமல் போகும். டிஸ்க் இருக்கிறது, ஆனால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது என்றால் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலிடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளரே வைத்திருக்கும் சோதனைக் கருவியையும் ஓடவிடலாம்: டெல்லில் எஃப் 12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ், ஹெச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப் 2. டிஸ்க், ரேம் இரண்டையும் அது விண்டோஸின் துணையில்லாமல் சோதிக்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்குப் பாதை சுருக்கமானது. ஆப்பிள் சிலிக்கான் மாடல்களில் தொடக்கத் தேர்வுகள் திரையில் வரும்வரை பவர் பொத்தானைப் பிடித்திருந்தும், இன்டெல் மாடல்களில் கமாண்ட், ஆர் விசைகளைப் பிடித்தும் மீட்புச் சூழலுக்குள் நுழைந்து, டிஸ்க் யுட்டிலிட்டியின் ஃபர்ஸ்ட் எய்டை இயக்கலாம்.

பழுதுநீக்குமுன் கோப்புகள்

டிஸ்க் தெரிகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டால், பழுதுநீக்கும் எந்தக் கருவியையும் தொடுமுன் கோப்புகளை வெளியே எடுங்கள். ஒரு நண்பரின் கணினியில், டிஸ்க் கெட்டுக்கொண்டிருப்பது தெரியாமல், விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக் டிஸ்க்கை ஓடவிட்டேன். சில மணி நேரம் அது முழு டிஸ்க்கையும் மீண்டும் மீண்டும் படித்தது. அந்த உழைப்பைத் தாங்காமல் டிஸ்க் முற்றாகப் போய்விட்டது. அதற்கு முன் அரை மணி நேரம் செலவிட்டு நகலெடுத்திருந்தால் அவருடைய குழந்தையின் படங்கள் இருந்திருக்கும். அன்றிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் எழுதி, பழுதான கணினியின் பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுங்கள். டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப் 12, ஹெச்பியில் எஃப் 9. நிறுவாமல் முயன்று பார்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தால் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. கோப்பு மேலாளரில் விண்டோஸ் பகுதியைத் திறந்து, யூசர்ஸ் என்ற கோப்புறையில் உங்கள் பெயரில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பகுதி படிக்க மட்டுமே திறந்தால் கவலைப்பட வேண்டாம். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், கணினியை அணைத்த பின்னும் கருவின் நிலையை டிஸ்க்கில் சேமித்து வைப்பதால் அப்படி நேர்கிறது. நகலெடுக்க அதுவே போதும். டிஸ்க் மறையாக்கம் ஆனதாக இருந்தால் இங்கேயும் அந்த 48 இலக்க எண் தேவைப்படும்.

நான்காம் கட்டம்: விண்டோஸ் பாதியில் விழுகிறது

புதுப்பிப்பு நடப்பதாகத் திரை சொன்னால், டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும் வரை அணைக்காமல் காத்திருங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் நீளும். உள்நுழைந்தபின் அம்புக்குறியோடு கருந்திரை மட்டும் நின்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்ப்ளோரரைப் புதிய பணியாக இயக்கிப் பாருங்கள்.

உள்நுழையும் திரையே வரவில்லை என்றால் மீட்புச் சூழலுக்குள் செல்ல வேண்டும். விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை தொடங்கத் தவறினால் அடுத்த முறை தானாகவே அங்கே போகும். தானாகப் போகவில்லை என்றால், சுழலும் புள்ளிகள் தோன்றியதும் பவர் பொத்தானைப் பத்து விநாடி பிடித்து அணைப்பதை இருமுறை செய்யுங்கள். புதுப்பிப்பு ஓடும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது. அதுவும் பலிக்கவில்லை என்றால், 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் எழுதிய விண்டோஸிலிருந்து தொடங்கி, பழுதுபார்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வழியில் பல கருவிகள் இருக்கும். நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். பூட் லோடர் சிதைந்ததால் வரும் பிழைகளுக்கு இதுவே பெரும்பாலும் போதும். அண்மையில் புதுப்பிப்பு வந்தபின் தொடங்கிய தொல்லை என்றால், அடுத்தது அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். மாதாந்திரப் புதுப்பிப்பை நீக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய பதிப்பை நீக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதன்பின் சிஸ்டம் ரீஸ்டோர். இது உங்கள் ஆவணங்களைத் தொடுவதில்லை. அந்தத் தேதிக்குப்பின் நிறுவிய மென்பொருள்களும் டிரைவர்களும் மட்டும் போய்விடும்.

இவற்றோடு சேஃப் மோடையும் முயல வேண்டும். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் நுழைந்து, கணினி மறுபடி தொடங்கியதும் 4 அல்லது இணையத்தோடு வேண்டுமானால் 5 அழுத்துங்கள். குறைந்த அளவு டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழுவதால், இதில் எழுகிறது என்றால் கோளாறு நீங்கள் சேர்த்த டிரைவரிலோ மென்பொருளிலோ இருக்கிறது. இதன் அருமையை உலகம் முழுவதும் உணர்ந்த நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. வன்பொருளில் எந்தக் குறையும் இல்லை. சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்தன. பிட்லாக்கர் எண் கையில் இல்லாதவர்கள்தான் அதிக நேரம் தவித்தார்கள்.

நீலத் திரையில், அல்லது விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் கருந்திரையில், கீழே வரும் பிழைப் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பெயர் வந்தால் பெரும்பாலும் ஒரு டிரைவரோ ஒரு கோப்போ காரணம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் ரேமைச் சந்தேகித்து மூன்றாம் கட்டத்தில் சொன்ன சோதனைக்குத் திரும்புங்கள். இந்த வேறுபாடு எனக்குப் பலமுறை வழிகாட்டியிருக்கிறது.

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையைப் பயன்படுத்துபவர்கள், மீட்புச் சூழலில் விண்டோஸ் இருக்கும் பகுதி சி என்ற எழுத்தில் இல்லாமல் டி என்றோ வேறாகவோ மாறியிருக்கக்கூடும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதுவும் பலிக்காதபோது கடைசியாக ரீசெட். இதில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தேர்ந்தாலும் நிறுவிய மென்பொருள்கள் அனைத்தும் நீங்கும். நகல் வெளியே இருக்கிறது என்பதை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு அதன்பின் பொத்தானை அழுத்துங்கள்.

எழுந்த பின்பும், ஒப்படைக்கும்போதும்

கணினி எழுந்துவிட்டால் அன்றே டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள், டிஸ்க் தனக்குள் பதிந்துவைத்திருக்கும் எச்சரிக்கைகளைக் காட்டும். காஷன் என்று மஞ்சள் நிறத்தில் வந்தால் விண்டோஸைச் சரிசெய்து பயனில்லை, டிஸ்க்கை மாற்றுங்கள். சி பகுதி நிரம்பி வழிந்தால் அடுத்த புதுப்பிப்பும் இப்படியே பாதியில் நிற்கும் என்பதால், போதிய இடம் விட்டு வையுங்கள். 

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க நேர்ந்தால், எந்தக் கட்டத்தில் நின்றது, என்ன பிழைப் பெயர் வந்தது, விளக்கு எத்தனை முறை சிமிட்டியது, நீங்கள் எதையெதை மாற்றிப் பார்த்தீர்கள், கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தண்ணீர் பட்டதை மறைப்பது உங்களுக்கே இழப்பு. அவர் முதலில் தேட வேண்டிய இடம் அதனால்தான் மாறிப்போகிறது. நகல் எடுக்க முடியாத நிலையில் கொடுக்கிறீர்கள் என்றால், என் கோப்புகள் வேண்டும், என்னைக் கேட்காமல் டிஸ்க்கை அழிக்க வேண்டாம் என்று அதே தாளில் முதல் வரியாக எழுதுங்கள்.